எதை வெளியே வைப்பது?

ஒருவன் எழுதியதை இன்னொருவன் உபயோகிக்க ஆரம்பித்துவிட்டால், அதற்குப் பிறகு அது எழுதியவனுக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. கதை எழுதுகிறவர்களுக்கு இது பழைய சங்கதி. கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் இதே தலைவலி உண்டு என்பதைச் சமீபத்தில் ஒரு பையன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். சொல்லிக்கொடுத்ததோடு நிற்கவில்லை; என் அபிப்பிராயத்தையும் கேட்டான். கதாசிரியனிடம் வந்து கம்ப்யூட்டர் விஷயத்தில் அபிப்பிராயம் கேட்கிற பையன் ரொம்பக் கெட்டிக்காரனாக இருக்கவேண்டும், அல்லது ரொம்பக் குழம்பிப்போயிருக்கவேண்டும். இவன் இரண்டும்.

நண்பர் ஒருவருடைய மகன். பகலில் ஒரு கம்பெனியில் உத்தியோகம். இரவில், காலணா வரும்படியில்லாத ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறான். தமிழ் எழுத்துக்களை எண்ணிப் பிரித்துக் கொடுக்கிற ஒரு 'லைப்ரரி' எழுதியிருக்கிறான். லைப்ரரி என்றதும் அலமாரியும் தூசியும் ஞாபகத்துக்கு வரவேண்டாம். மற்றவர்கள் எழுதும் புரோகிராம்களில் சேர்த்துக்கொள்வதற்காக ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கிற புரோகிராம் தொகுப்புக்கு அந்த உலகத்தில் லைப்ரரி என்று பெயர். ஒருவன் சமைத்த குழம்பை நூறு பேர் தங்கள் தங்கள் சாதத்தில் ஊற்றிக்கொள்கிற ஏற்பாடு.

தமிழ் எழுத்தை எண்ணுவதற்கு ஒரு லைப்ரரி எதற்கு என்று நானும் கேட்டேன். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று முதல் வகுப்புக் குழந்தை சொல்லும். கம்ப்யூட்டரைக் கேட்டால் ஐந்து என்கிறது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்திருக்கும் யூனிக்கோடு முறையில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அவற்றிலும் பல காலி. 247 எழுத்துக்களும் அங்கே தனித்தனியாகக் குடியிருக்கவில்லை. 'மி' என்றால் மகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று. 'ழ்' என்றால் ழகரம் ஒன்று, புள்ளி ஒன்று. ஆக, த, ம, குறி, ழ, புள்ளி என்று ஐந்து. குறுக்கெழுத்துப் போட்டி நடத்துகிறவருக்கும், யாப்பு பார்க்கிறவருக்கும், எழுத்துப் பிழை திருத்தும் புரோகிராம் எழுதுகிறவருக்கும் ஐந்து உதவாது. மூன்று வேண்டும். அந்த மூன்றைத்தான் பையன் எடுத்துக்கொடுக்கிறான். நல்ல காரியம்.

அவனுக்கு வந்த சிக்கல் எழுத்துக்களால் வந்ததல்ல; வாசலால் வந்தது.

சி என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி இருக்கிறது. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் டென்னிஸ் ரிச்சி என்பவர் 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. அவரும் பிரையன் கெர்னிகனும் சேர்ந்து 1978-ல் அதைப் பற்றி எழுதிய சின்னப் புத்தகத்தை இன்றைக்கும் படிக்கிறார்கள். அந்த மொழியில் எழுதுகிறவர்கள் தங்கள் சரக்கை இரண்டு விதமான கோப்புகளில் வைக்கிறார்கள். ஒன்று, வேலை நடக்கிற கோப்பு. மற்றொன்று 'ஹெடர்'. ஹெடரில் வேலை எதுவும் நடப்பதில்லை. உள்ளே என்னென்ன வேலை செய்து தரப்படும், அதற்கு நீங்கள் என்ன கொடுக்கவேண்டும், பதிலுக்கு என்ன கிடைக்கும் என்று அறிவிக்கிற பலகை அது. புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித்தருகிற கம்பைலர், அந்தப் பலகையில் எழுதியிருப்பதை வேதவாக்காக நம்பிக்கொள்ளும்.

பையனின் லைப்ரரியில் இப்படிப் பதினொரு ஹெடர்கள் இருக்கின்றன. எல்லாம் வெளியாருக்காக எழுதினவை அல்ல. அவனுடைய கோப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காகவும் ஹெடர்கள் வேண்டும். வெளியூரில் ஒருவர் இந்த லைப்ரரியை எடுத்துத் தம் கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ளும்போது, இந்தப் பதினொன்றில் எவை 'இன்க்ளூட்' என்ற பொது ஃபோல்டருக்குப் போய்ச் சேரவேண்டும்? அங்கே போனது எல்லோருக்கும் தெரியும்; எல்லோரும் எடுத்தாளலாம். போகாதது வீட்டுக்குள்ளேயே இருக்கும். அவன் ஒன்றே ஒன்றைத்தான் வெளியே வைத்திருந்தான். யாரோ ஓர் அன்பர், முகம் தெரியாதவர், 'தயவுசெய்து அந்த இரண்டாவது ஹெடரையும் வெளியே வையுங்கள். எனக்கு ரொம்ப உபயோகமாக இருக்கும்' என்று எழுதிக் கேட்டிருந்தார்.

"வைத்துவிட்டுப் போயேன். ஒரு வரி எழுதினால் தீர்ந்துபோகிற காரியம்தானே?" என்றேன்.

"ஒரு வரிதான் மாமா. ஆனால் அந்த வரியைத் திரும்ப அடிக்க முடியாது. அதுதான் யோசிக்கிறேன்" என்றான்.

இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. மேலும் சொல்லச் சொன்னேன்.

முதலில் அவன் எனக்கு ஒரு முன்மாதிரியைக் காட்டினான். ஸீலிப் என்று ஒரு லைப்ரரி. கோப்புகளைச் சுருக்கிச் சிறிதாக்குவதும், மறுபடி விரிப்பதும் அதன் தொழில். ழான்-லூ கைலி, மார்க் ஆட்லர் என்ற இருவர் எழுதி 1995-ல் வெளியிட்டார்கள். நாம் பார்க்கும் பி.என்.ஜி. படங்களுக்குள்ளே இருப்பது இந்தச் சுருக்கல் வித்தைதான். எத்தனையோ கோடிக் கருவிகளில் இது இருக்கிறது. அதன் உள்ளே பல ஹெடர்கள் உண்டு. வெளியே போவது இரண்டே இரண்டு: 'ஸீலிப்.எச்', 'ஸீகான்ஃப்.எச்'. உள்ளே இருக்கிற இன்னொரு ஹெடரின் தலையில், இது எங்கள் வீட்டு விஷயம், எப்போது வேண்டுமானாலும் மாறும், வெளிப் புரோகிராம்கள் இதைத் தொடவேண்டாம் என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை எழுதிவைத்திருக்கிறார்கள். வாசலில் வைக்காததோடு, உள்ளே எட்டிப் பார்த்தாலும் பலகை தொங்குகிறது.

"அப்படியானால் ஒன்றே போதாதோ? இரண்டு எதற்கு?" என்று கேட்டேன்.

அதற்கும் காரணம் இருந்தது. முதல் ஹெடரின் ஆரம்பத்திலேயே இரண்டாவது ஹெடரைப் படித்துக்கொள் என்று ஒரு வரி இருக்கிறது. ஆகவே முதலாவது வெளியே வந்தால் இரண்டாவதும் கூடவே வந்தாகவேண்டும். கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றம் சூழ' என்று எழுதிவிட்டால் சுற்றத்துக்கும் இலை போடத்தான் வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்களாம். வெளியே வைக்கிற ஹெடர், வெளியே வைக்காத ஒன்றைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். எழுதினவருடைய கம்ப்யூட்டரில் எல்லாக் கோப்புகளும் ஒரே இடத்தில் இருப்பதால் அங்கே ஒரு குறையும் தெரியாது. வாங்கிப்போனவரின் கம்ப்யூட்டரில்தான் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று கம்பைலர் கையை விரிக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் லைப்ரரியை ஒரு காலி ஃபோல்டரில் நிறுவிப் பார்த்து, வெளியே வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சிறு புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்க்கிறார்கள். நம் வீட்டுக்கே விருந்தாளியாக ஒரு தடவை வந்து பார்ப்பது போல.

இன்னும் சில ஒழுங்குகள் உண்டு. லைப்ரரியைக் கட்டும்போது அந்தக் குறிப்பிட்ட கம்ப்யூட்டரில் என்னென்ன வசதிகள் உண்டு, இல்லை என்று குறித்துக்கொள்கிற 'கான்ஃபிக்.எச்' என்ற ஹெடரை வெளியே அனுப்பவே கூடாது. ஒவ்வொருவர் வீட்டிலும் அதே பெயரில் ஒன்று இருக்கும். உள்ளே இருக்கிற பெயர்களும் ஒன்றோடு ஒன்று இடிக்கும். பொது ஃபோல்டரில் வைக்கிற கோப்புகளுக்கு 'பொது', 'உதவி' என்றெல்லாம் மொட்டையாகப் பெயர் வைக்காமல் லைப்ரரியின் பெயரோடு சேர்த்து வைக்கவேண்டும். அல்லது லைப்ரரியின் பெயரால் ஓர் உள் ஃபோல்டர் போட்டு அதற்குள் வைக்கவேண்டும். ஆட்டோமேக் என்று ஒரு கட்டுமானக் கருவி உண்டு. அதில் ஹெடர்களுக்கு இரண்டு ஜாபிதா எழுதலாம்: நிறுவ வேண்டியவை ஒன்று, லைப்ரரியின் கூடவே இருந்தாலும் நிறுவக்கூடாதவை ஒன்று. ஒவ்வொரு ஹெடரையும் எந்த ஜாபிதாவில் எழுதுவது என்பதுதான் கேள்வி. பையன் சொன்ன 'ஒரு வரி' அதுதான்.

சரி, அந்த இரண்டாவது ஹெடரில் அப்படி என்னதான் ரகசியம்?

ரகசியம் ஒன்றுமில்லை. யார் வேண்டுமானாலும் அவனுடைய மூலக் கோப்புகளைத் திறந்து படித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் கம்ப்யூட்டரின் ஞாபகத்தில் எந்தப் பெட்டியில், எத்தனை அறைகள் போட்டு வைத்திருக்கிறான் என்ற அமைப்பு அதில் இருக்கிறது. ஆரம்பத்தில் ஓர் எழுத்துக்கு மூன்று அறை போதும் என்று வைத்திருந்தான். 'க்ஷ' என்பதற்குக்கூட ககரம், புள்ளி, ஷகரம் என்று மூன்றுதானே? பிறகு ஒரு நாள் 'ஸ்ரீ' வந்து நின்றது. ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி. நான்கு! அதன் பிறகு 'க்ஷொ'. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் போடலாம். முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டாகவும் போடலாம். யூனிக்கோடில் இரண்டும் செல்லும். இரண்டாகப் போட்டால் 'க்ஷொ'வுக்கு ஐந்து அறை வேண்டும். அவனும் ஒரு முறை மூன்றை நான்காக்கினான். மறுமுறை நான்கை ஐந்தாக்கினான்.

"இதுவரைக்கும் இரண்டு தடவை பெட்டியை மாற்றிவிட்டேன் மாமா. உபயோகிக்கிறவங்க யாருக்கும் தெரியவே தெரியாது. அந்த ஹெடரை வெளியே வைத்திருந்தேன் என்றால்..."

வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை அவன் ஒரு காகிதத்தில் கட்டம் போட்டுக் காட்டினான். வெளியூர் அன்பரின் புரோகிராம், ஒரு பெட்டிக்கு மூன்று அறை என்ற ஹெடரை நம்பிக் கம்பைல் ஆகியிருக்கும். லைப்ரரியை மட்டும் புதிதாக மாற்றிவிட்டால், இது ஐந்து அறைப் பெட்டிகளாக அடுக்கும். அது மூன்று அறைக்கு ஒரு பெட்டி என்று எண்ணிக்கொண்டே போகும். முதல் எழுத்து சரியாக வரும். இரண்டாவது எழுத்து என்று அது எடுப்பது முதல் எழுத்தின் வாலாக இருக்கும். இதில் பயங்கரம் என்னவென்றால், கம்ப்யூட்டர் ஒரு சத்தமும் போடாது. தப்பான எழுத்தைச் சரியான எழுத்து என்று சாதிக்கும். ஒரு வேளை பக்கத்தில் இருக்கிற வேறு எதையாவது அழித்துவிட்டும் போகும்.

உலகத்தில் பெரிய பெரிய லைப்ரரிகளெல்லாம் இந்த வழியாக வந்து அடிபட்டிருக்கின்றன. பி.என்.ஜி. படங்களைப் படிக்கிற லிப்-பி.என்.ஜி. என்ற லைப்ரரி, படத்தின் அகலம் நீளம் முதலானவற்றை வைத்திருக்கும் தன் உள் அமைப்பை நெடுநாள் ஹெடரிலேயே திறந்து வைத்திருந்தது. கேட்டு வாங்கிக்கொள்ள ஃபங்ஷன்கள் இருந்தும், பல புரோகிராம்கள் கைவிட்டு நேராக எடுத்துக்கொண்டன. கடைசியில் 2011-ஆம் வருஷம் 1.5 பதிப்பில் அந்த அமைப்பை உள் ஹெடருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நேராகக் கைவிட்டுப் பழகிய புரோகிராம்களெல்லாம் அன்றைக்குக் கம்பைல் ஆக மறுத்தன. ஒவ்வொன்றையும் யாராவது உட்கார்ந்து திருத்தவேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய கலவரம் ஓப்பன் எஸ்.எஸ்.எல். விஷயத்தில் நடந்தது. இணையத்தில் போகிற வருகிற செய்திகளை மூன்றாம் மனிதர் படிக்காமல் பூட்டி அனுப்புகிற லைப்ரரி அது. பூட்டுச் சாவி சம்பந்தமான அமைப்புகளே ஹெடரில் திறந்து கிடந்தன. 2016 ஆகஸ்டில் வந்த 1.1.0 பதிப்பில் அவற்றில் பெரும்பாலானவற்றை மறைத்தார்கள். செய்யவேண்டிய காரியம்தான். உள்ளே எதையும் மாற்ற முடியாமல் கை கட்டிப்போயிருந்தது அவர்களுக்கு. ஆனால் அதை உபயோகித்துவந்த புரோகிராம்கள் கொஞ்சநஞ்சமா? டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு 2017-ல் வெளியிட்ட 9-ஆம் பதிப்பில் பழைய ஓப்பன் எஸ்.எஸ்.எல்., புதிய ஓப்பன் எஸ்.எஸ்.எல். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு காலம் தள்ளவேண்டியதாயிற்று. பழைய 1.0.2 பதிப்புக்கு 2019 முடிகிற வரையில் ஓப்பன் எஸ்.எஸ்.எல். காரர்கள் பராமரிப்புக் கொடுத்தார்கள். திறந்து வைக்க ஒரு வரி. மூட மூன்று வருஷத்துக்கு மேல்.

இதையெல்லாம் கேட்டபோது எனக்கு என் தொடர்கதை ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அதில் ஒரு வீட்டுக் கூடத்தில் நின்றுபோன கடிகாரம் ஒன்றை மாட்டிவைத்திருந்தேன். எட்டு இருபதைக் காட்டிக்கொண்டிருக்கும். கூடம் என்றால் சுவரில் ஏதாவது இருக்கவேண்டுமே என்பதற்காக மாட்டியது. வேறு உத்தேசம் ஒன்றும் இல்லை. ஆறாவது வாரம் வாசகர் கடிதங்கள் வர ஆரம்பித்தன. எட்டு இருபதுக்குத்தான் அந்த வீட்டுப் பெரியவர் இறந்துபோனார் என்று ஒருவர். அந்த நேரத்துக்குத்தான் மருமகள் வீட்டைவிட்டுப் போனாள் என்று இன்னொருவர். பதினோராவது வாரம் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து ஓடவிடலாம் என்று இருந்தேன். முடியவில்லை. அத்தனை பேர் அதன்மேல் வீடு கட்டியிருந்தார்கள். நான் வாக்குக் கொடுக்கவில்லைதான். ஆனால் கண்ணில் படும்படி வைத்துவிட்டேனே! கண்ணில் பட்டதெல்லாம் வாக்குத்தான்.

புரோகிராம் உலகத்தில் இதற்கு ஒரு விதியே இருக்கிறதாம். கூகிளில் வேலை செய்த ஹைரம் ரைட் என்பவருடைய பெயரால் வழங்குவது. உபயோகிக்கிறவர்கள் போதிய அளவுக்குப் பெருகிவிட்டால், நீ எதை வாக்குக் கொடுத்தாய் என்பது முக்கியமில்லை. வெளியே தெரிகிற ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் நம்பிக்கொண்டிருப்பார் என்பது அதன் சாரம்.

இதற்கு வேடிக்கையான சாட்சியம் ஒன்று 2018-ல் கிடைத்தது. லினக்ஸ் கம்ப்யூட்டர்களின் அஸ்திவாரம் போன்றது ஜி-லிப்ஸி என்ற லைப்ரரி. அந்த வருஷம் ஆகஸ்டில் வந்த 2.28 பதிப்பில், 'லிப்-ஐ.ஓ.எச்' என்ற, எந்தத் தரவிதியிலும் இல்லாத பழைய ஹெடரை இனிமேல் நிறுவுவதில்லை என்று தீர்மானித்தார்கள். அதனால் எம்-4 போன்ற பழம்பெரும் கருவிகள் கம்பைல் ஆகாமல் படுத்துக்கொண்டன. காரணத்தைத் துருவிப் பார்த்தால், அவை தம்முள் சேர்த்துக்கொண்டிருந்த பொதுத் துணைக் கோப்புகள், 'நாம் இப்போது இருப்பது ஜி-லிப்ஸியின் வீடுதானா?' என்று தெரிந்துகொள்ள, அந்த ஹெடர் மூலமாக வெளியே தெரிந்த ஒரு பெயரை அடையாளமாக வைத்திருந்தன. ஹெடர் போயிற்று, அடையாளமும் போயிற்று. பழகின வீட்டு வாசலில் நின்றுகொண்டு, 'இது எந்த ஊர் என்று தெரியவில்லையே' என்று விழித்தன. வேப்பமரத்தை வெட்டியபின் விலாசம் தெரியாமல் தவிக்கிற தபால்காரர் மாதிரி.

இவ்வளவும் ஆன பிறகு, தீர்ப்பு சுலபம் என்று தோன்றும். எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டு! எனக்கும் அப்படித்தான் சொல்லத் தோன்றியது. ஆனால் பையன் அந்த அன்பரின் கடிதத்தை மறுபடி எடுத்துக் காட்டினான். அவர் பொழுதுபோகாமல் கேட்கவில்லை. பழைய தமிழ் நூல்களை லட்சக்கணக்கான வரிகளாக வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்கிறவர் போலிருக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு முறை லைப்ரரியைக் கூப்பிட்டு, அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் நத்தை வேகத்தில் நடக்கிறது. பெட்டிகளின் அமைப்புத் தெரிந்தால் நேராகப் போய் எடுத்துக்கொள்வேனே என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இருக்கத்தான் செய்தது.

இந்த நியாயமும் பழையதுதான். 1979-ல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஒரு கோப்பிலிருந்து ஓர் எழுத்தைப் படிக்கிற 'கெட்ஸி' என்பதை வேகத்துக்காக ஹெடரிலேயே விரித்து எழுதியிருந்தார்கள். எழுத்துக்கு ஒரு தடவை ஃபங்ஷனைக் கூப்பிடுகிற நேரம் மிச்சம். ஆனால் அதற்காகக் கோப்பின் உள் அமைப்பையே ஹெடரில் காட்டவேண்டியிருந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு அது அவசியமாக இருந்திருக்கும். அவர்களைக் குறை சொல்வதற்கு நாம் யார்? உள்ளே வருகிறவன் எல்லாம் திருடன் அல்ல. கவுண்ட்டரில் அவனுக்கு வேண்டியது கிடைக்காததால் கொல்லைப்புறமாக வருகிறான்.

டேவிட் பார்னாஸ் என்பவர் 1972-ல் எழுதிய கட்டுரை ஒன்றை இந்தத் தொழிலில் எல்லோரும் குறிப்பிடுவார்களாம். ஒரு பெரிய புரோகிராமை எப்படித் துண்டு போடுவது என்பது கேள்வி. முதலில் இது, பிறகு அது என்று வேலை நடக்கிற வரிசைப்படி துண்டு போடுவதுதான் வழக்கமாக இருந்தது. அப்படி வேண்டாம், பின்னால் மாறக்கூடிய தீர்மானங்கள் எவை என்று பார்த்து, ஒவ்வொரு துண்டும் அப்படி ஒரு தீர்மானத்தைத் தனக்குள்ளே ஒளித்து வைத்திருக்கும்படி பிரியுங்கள் என்றார் அவர். இதைக் கேட்டதும் எனக்குக் கேள்வியே வேறாகத் தெரிந்தது. 'எந்தக் கோப்பை வெளியே வைப்பது' என்பதல்ல கேள்வி. 'எது மாறும், எது மாறாது' என்பதுதான் கேள்வி. பெட்டிக்கு எத்தனை அறை என்பது மாறும். 'தமிழ்' என்ற சொல்லில் மூன்று எழுத்து என்பது மாறாது.

சி மொழியில் மாறுவதை மறைக்க ஓர் அழகான உபாயம் உண்டு. 'இப்படி ஒரு பெட்டி இருக்கிறது' என்று பெயரை மட்டும் ஹெடரில் சொல்லிவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமலே விட்டுவிடலாம். உபயோகிக்கிறவர் கையில் அந்தப் பெட்டி இருக்கும் இடத்தின் முகவரி மட்டும் இருக்கும். ரயில்வே ஸ்டேஷன் சாமான் அறையில் டிரங்குப் பெட்டியைக் கொடுத்துவிட்டுச் சீட்டு வாங்கிக்கொள்வதில்லையா? பெட்டி மேல் தட்டில் இருக்கிறதா, கீழ்த் தட்டில் இருக்கிறதா என்று நமக்குத் தெரியவேண்டாம். அறையையே இடித்துக் கட்டினாலும் சீட்டு செல்லும். எஸ்.க்யூ.லைட் என்ற லைப்ரரி அப்படித்தான் செய்கிறது. ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. நம் சட்டைப்பையில் இருக்கிற டெலிபோனுக்குள்ளும் அது இருக்கிறது. ஒன்றரை லட்சம் வரிகளுக்கு மேற்பட்ட சரக்கு. நிறுவுகிற ஹெடர்கள் இரண்டே. அவற்றில் இருநூறுக்கு மேற்பட்ட ஃபங்ஷன்களை அறிவித்திருக்கிறார்கள். ஆனால் தகவல் தொகுப்பைத் திறந்ததும் கையில் கிடைப்பது வெறும் சீட்டு. 2050-ஆம் வருஷம் வரையில் இதைப் பராமரிப்பதாக உத்தேசம் என்று அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தாராளமாகவும் கொடுக்கலாம், கையைக் கட்டிக்கொள்ளாமலும் இருக்கலாம் என்பதற்கு அது உதாரணம்.

நானும் அவனும் அந்தக் கட்டம் போட்ட காகிதத்தின்மேல் வெகுநேரம் குனிந்துகொண்டிருந்தோம். கடைசியில் நான் கேட்டது ஒரே கேள்விதான். "அவருக்கு நிஜமாக வேண்டியது உன் பெட்டியா? இல்லை, எழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்கிற இடமா?"

பையன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "இடம்தான் மாமா. பெட்டி வழியாகத்தான் அது தெரியும் என்று அவர் நினைக்கிறார்" என்றான்.

அதற்கப்புறம் காரியம் தானாக நடந்தது. அவன் அந்த ஹெடரை வெளியே வைக்கவில்லை. வெளியே இருக்கிற ஹெடரில் ஒரே ஒரு ஃபங்ஷனைச் சேர்த்தான். ஒரு முழுப் பக்கத்தை அதனிடம் கொடுத்தால், ஒவ்வோர் எழுத்தும் தொடங்குகிற இடத்தின் எண்ணை வரிசையாக, கேட்டவருடைய சொந்த ஏட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடும். எழுத்துக்கு ஒரு தடவை கூப்பிட வேண்டாம். பக்கத்துக்கு ஒரு தடவை போதும். எண்கள் வெறும் எண்கள். நாளைக்குப் பெட்டி ஐந்து அறையிலிருந்து ஏழு அறை ஆனாலும் பத்தாவது எழுத்து தொடங்குகிற இடம் பத்தாவது எழுத்து தொடங்குகிற இடம்தான். அன்பருக்குப் பதில் எழுதினான்: நீங்கள் கேட்டதைக் கொடுக்க முடியவில்லை, உங்களுக்கு வேண்டியதைக் கொடுத்திருக்கிறேன் என்று.

மறுப்பதில் இரண்டு வகை இருக்கிறது. 'இது என் வீடு, உள்ளே வராதே' என்பது ஒன்று. 'உள்ளே வந்து நீயாகத் தேடவேண்டாம், உனக்கு வேண்டியதை நானே கொண்டுவந்து தருகிறேன்' என்பது மற்றொன்று. முதல் வகையில் கௌரவம் மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவதில் உழைப்பு இருக்கிறது. கேட்கிறவர் எதைக் கேட்கிறார் என்பதை விட்டுவிட்டு எதற்காகக் கேட்கிறார் என்று யோசிக்கிற சிரமம் அதில் இருக்கிறது. உள்ளே ஒளித்துவைப்பதற்கு ஒருவனுக்கு உரிமை உண்டு என்றால், வெளியே வைப்பதைக் கொண்டு மற்றவன் காரியம் நடக்கும்படி செய்வது அவன் கடமை. கடமையைச் செய்யாமல் உரிமையை மட்டும் கொண்டாடுகிற லைப்ரரிகளில்தான் ஜனங்கள் கொல்லைப்புறச் சுவரில் ஏறுகிறார்கள்.

சந்தேகமாக இருக்கும்போது உள்ளேயே வைத்திரு என்பது இந்தத் தொழிலில் பெரியவர்கள் கண்ட நடைமுறை. அதில் கஞ்சத்தனம் ஒன்றும் இல்லை. இன்றைக்கு உள்ளே வைத்ததை நாளைக்கு வெளியே வைக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. இன்றைக்கு வெளியே வைத்ததை நாளைக்கு உள்ளே எடுத்துக்கொண்டால், முகம் தெரியாத எத்தனையோ பேருடைய ராத்திரித் தூக்கம் கெடும். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது பெரிய குணம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். காப்பாற்றக்கூடிய வாக்கை மட்டும் கொடுப்பதும் குணம்தான் என்று அவ்வளவு அழுத்தமாக யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஸீலிப்பின் ஹெடரில் 1995-ல் வெளியே வைத்த முக்கியமான பெயர்கள் 'டிஃப்ளேட்', 'இன்ஃப்ளேட்' என்பவை. சுருக்கு, விரி. முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. உள்ளே எத்தனையோ தடவை செப்பனிட்டிருக்கிறார்கள். வாசலில் அதே இரண்டு பெயர்கள் இன்னும் நிற்கின்றன. டெலிபோனில் பேரனுடைய படத்தைத் திறந்து பார்த்துச் சந்தோஷப்படுகிற பாட்டிக்கு அந்தப் பெயர்கள் தெரியாது, தெரியவும் வேண்டாம். யாரோ இரண்டு பேர் எதை வெளியே வைப்பது என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனையின்மேல் உலகம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.